உதகையா, குன்னூரா, கோத்தகிரியா: நீலகிரிக்கு வருபவர்கள் எங்கே தங்கலாம்?

ஏப்ரல் பிறந்துவிட்டால் போதும், சமவெளியிலிருந்து எங்களுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே விஷயத்தைப் பற்றித்தான் இருக்கும். "குழந்தைகளுக்கு லீவு விட்டாச்சு, மூன்று நாள் வரலாம் என்று இருக்கிறோம், எங்கே ரூம் போடலாம்?" என்று மதுரையிலிருந்து சித்தி கேட்பார். கேட்கும்போதே ஊட்டி என்று மனதில் முடிவு செய்திருப்பார். எந்த ஓட்டல் என்பது மட்டும்தான் அவருடைய கேள்வி. எந்த ஊர் என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும் என்பது என் கட்சி.

நான் கேத்திக்காரி. குன்னூருக்கும் உதகைக்கும் நடுவில் உள்ள பள்ளத்தாக்கு இது. ஒரு வேலைக்குக் குன்னூர், இன்னொரு வேலைக்கு உதகை என்று இரண்டு ஊரையும் அன்றாடம் புழங்குகிறோம். கோத்தகிரியில் சொந்தபந்தம் இருக்கிறது. மூன்றில் எந்த ஊரிலும் எனக்கு ஓட்டலோ காட்டேஜோ கிடையாது. அந்த நிலையிலிருந்து சொல்கிறேன்: முதல் முறையோ இரண்டாம் முறையோ மலைக்கு வருகிற குடும்பங்களில் பெரும்பாலானவை குன்னூரில் தங்கி, ஒரு நாள் உதகைக்குப் போய்த் திரும்புவதுதான் நல்லது. இதற்கு விதிவிலக்குகள் உண்டு. எந்த மாதம் வருகிறீர்கள், யாரை அழைத்து வருகிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

முதலில் வரைபடத்தைப் பார்த்துவிடலாம். உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர், கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் தனித்தனி மலைப்பாதைகள் ஏறுகின்றன, இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம்தான். குன்னூரிலிருந்து உதகை 19 கிலோமீட்டருக்குள், கோத்தகிரியிலிருந்து உதகை 30 கிலோமீட்டருக்குள். ஆக, எங்கே தங்கினாலும் மற்ற இரண்டு ஊர்களும் ஒரு நாள் பயணத்துக்குள் அடங்கிவிடும். உதகையில் தங்கவில்லை என்பதால் உதகையைப் பார்க்காமல் போய்விடுவோம் என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை.

இந்த மூன்று ஊர்களுக்கு நடுவே தொட்டபெட்டா மலைத்தொடர் நிற்கிறது. 2,637 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தைச் சுற்றுலா வருபவர்கள் தொலைநோக்கி வைத்த இடம் என்ற அளவில் அறிவார்கள். எங்களுக்கு அது மழையைப் பிரித்துக் கொடுக்கும் சுவர். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கத்திலிருந்து வரும்போது கூடலூர், அவலாஞ்சி, உதகை என்று மேற்குப் பக்கம் முழுக்க நனைகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டித் தீர்த்தது. அதே பருவத்தில் தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே உள்ள குன்னூரிலும் கோத்தகிரியிலும் சாரலும் காற்றும் இருக்கும், இடையிடையே வெயிலும் தலைகாட்டும். அக்டோபர், நவம்பரில் கணக்கு தலைகீழாகிவிடும். வடகிழக்குப் பருவமழை நேராக வந்து மோதுவது கிழக்குச் சரிவில்தான். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பகுதிகளில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. எங்கள் பள்ளத்தாக்கிலும் உயிர்கள் போயின. அந்த நாட்களை நாங்கள் யாரும் மறக்கவில்லை. மலை ரயில் பாதையும் மேட்டுப்பாளையம் சாலையும் ஆண்டுதோறும் அடிபடுவது அந்தப் பருவத்தில்தான்.

ஆகவே ஆடி மாதத்தில் வருகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கிழக்குப் பக்கம் தங்கலாம். ஐப்பசியில் வருகிறவர்கள் மழை அறிவிப்பைப் பார்க்காமல் எந்த ஊரிலும் அறை போடாதீர்கள். குறிப்பாகக் குன்னூர் மலைப்பாதையில் இரவுப் பயணம் வேண்டவே வேண்டாம். டிசம்பரும் ஜனவரியும் உறைபனிக் காலம். உதகையில் தலைகுந்தா பக்கம் விடியற்காலையில் புல்வெளி வெள்ளையாகக் கிடப்பதைப் பார்க்க வேண்டும் என்றால் அங்கேயே தங்கினால்தான் முடியும். வெயில் ஏறியதும் அது கரைந்துவிடும்.

குளிர் விஷயத்தில் 400 மீட்டர் வித்தியாசம் பெரிதல்ல என்று தோன்றும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. அதன்படி குன்னூரைவிட உதகை இரண்டு, மூன்று டிகிரி குளிராக இருக்கும். பகலில் அது தெரியாது. இரவில், மூட்டுவலியும் மூச்சிரைப்பும் உள்ள அப்பத்தாவுக்கு அது நன்றாகவே தெரியும். பெரியவர்களை அழைத்து வருபவர்கள் உதகையில் இரவைக் கழித்துவிட்டு, "ராத்திரி முழுக்கத் தூக்கமே இல்லை" என்று மறுநாள் கீழே இறங்கி வருவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். குன்னூரில் இரவுக்கு ஒரு நல்ல கம்பளியே போதும்.

அடுத்து, வந்து சேரும் வழி. மலை ரயிலில் ஏற வேண்டும் என்ற ஆசை ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களுக்கும் இருக்கிறது. குன்னூருக்கு என் ஓட்டு விழுவதற்கு மிகப் பெரிய காரணம் அந்த ரயில்தான்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ரயில் ஓடத் தொடங்கியது 1899-இல். உதகை வரை அது நீண்டது 1908-இல். மொத்தம் 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். 2005-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இந்த எண்களை எல்லோரும் ஒப்பிக்கிறார்கள். பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. இந்த ரயிலை உலகமே வியந்து பார்க்கக் காரணமான பல்சக்கரப் பாதை கல்லாறிலிருந்து குன்னூர் வரை மட்டும்தான் இருக்கிறது. பன்னிரண்டு அடி போனால் ஓரடி ஏறுகிற செங்குத்து அங்கே வருகிறது. வழுவழுப்பான தண்டவாளத்தில் வெறும் சக்கரத்தை நம்பி அந்த ஏற்றத்தில் ஏற முடியாது. அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் வெட்டிய இரண்டு இரும்புப் பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் பதித்திருக்கிறார்கள். ஒரு பட்டையின் பல் இருக்கும் இடத்துக்கு நேராக மற்றதில் பள்ளம் இருக்கும். எஞ்சினின் அடியில் உள்ள பல்சக்கரங்கள் அவற்றைக் கவ்விக்கொண்டு ஏறும். ஒன்றின் பிடி விடுகிற கணத்தில் மற்றதன் பிடி இருக்கும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. நீராவி எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள். இரண்டு சாதாரணச் சக்கரங்களை ஓட்ட, இரண்டு பல்சக்கரங்களை ஓட்ட. ஏறும்போது எஞ்சின் முன்னால் இருந்து இழுப்பதில்லை, பின்னால் இருந்து தள்ளுகிறது. ஒவ்வொரு பெட்டியின் முன்பக்க மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோடு நின்றுகொண்டு பாதையைப் பார்த்தபடி வருவார்.

குன்னூர் வந்ததும் அந்த எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை மாட்டுகிறார்கள். அங்கிருந்து உதகை வரை சாதாரணத் தண்டவாளம்தான். அந்தப் பகுதியும் அழகுதான்: வெலிங்டன், அருவங்காடு, எங்கள் கேத்தி, லவ்டேல் என்று வரிசையாக நிலையங்கள், கேரட்டும் பூண்டும் விளையும் படிக்கட்டு வயல்கள். ஆனால் அதற்கு மேட்டுப்பாளையத்தில் விடியற்காலையில் போய் நிற்க வேண்டியதில்லை. குன்னூருக்கும் உதகைக்கும் இடையில் மட்டும் ஓடும் ரயில்கள் தினமும் சில முறை இருக்கின்றன. பயணம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல்.

இதை வைத்துக் கணக்குப் போடுங்கள். காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்புகிற ரயில் உதகையை அடைய நண்பகல் ஆகிவிடும். மரப்பலகை இருக்கையில் ஐந்து மணி நேரம் என்பது ஐந்து வயதுக் குழந்தைக்கும் எழுபது வயதுப் பெரியவருக்கும் அதிகம். மூன்று மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து, பல்சக்கரப் பாதை முழுவதையும் பார்த்து முடித்து, நீராவி எஞ்சின் கழலும் இடத்திலேயே நீங்களும் இறங்கிவிட்டால், மதியச் சாப்பாட்டுக்கு முன் அறையில் இருப்பீர்கள். மிச்சப் பாதையை மறுநாளோ அதற்கடுத்த நாளோ குன்னூரிலிருந்து உதகைக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம். சென்னையிலிருந்து வருபவர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் மேட்டுப்பாளையத்தில் கொண்டுவந்து விட்டுவிடும். அதே நடைமேடைப் பக்கம் மலை ரயில் காத்திருக்கும்.

குன்னூர் ஊரைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். நீலகிரியில் சுற்றுலாப் பயணிகளே வராவிட்டாலும் தன் பாட்டுக்கு நடக்கக்கூடிய ஊர் இது. தேயிலை ஏலம் இங்கே நடக்கிறது. தென்னிந்தியத் தோட்ட அதிபர் சங்கமான உபாசியின் தலைமையகம் இங்கே இருக்கிறது. பக்கத்தில் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் பயிற்சி மையமும், முப்படை அதிகாரிகள் படிக்கும் பாதுகாப்புப் படைப் பணியாளர் கல்லூரியும் இருக்கின்றன. அருவங்காட்டில் வெடிமருந்து செய்யும் கார்டைட் தொழிற்சாலை. ஆகவே ஊரின் கடைத்தெருவில் நிற்கும் கூட்டத்தில் பாதிக்கு மேல் வேலைக்குப் போய்த் திரும்புகிற ஜனங்கள். காய்கறி விலையும் டீ விலையும் அவர்களுக்கான விலை. பீல்டு மார்ஷல் மானெக்ஷா பணி ஓய்வுக்குப் பிறகு வீடு கட்டிக்கொண்டு வாழ்ந்ததும் குன்னூரில்தான். 2008-இல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் மறைந்த அவரை உதகையில் உள்ள பார்சி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

ஊர் இரண்டு தட்டாக இருக்கிறது. கீழே ரயில் நிலையம், பேருந்து நிலையம், மார்க்கெட். மேலே பெட்போர்டு, சிம்ஸ் பூங்கா, பழைய பங்களாக்கள். தங்குவதற்கு மேல் குன்னூரைத் தேர்ந்தெடுங்கள். கீழே கிடைக்கும் லாட்ஜுகள் மலிவுதான், ஆனால் பேருந்து இரைச்சலில் மலைக்கு வந்த உணர்வே வராது.

சிம்ஸ் பூங்கா 1874-இல் தொடங்கியது. உதகைத் தாவரவியல் பூங்காவில் கால் பங்கு கூட்டம் இங்கே இருக்காது, மே மாத இறுதியில் பழக் கண்காட்சி நடக்கும் சில நாட்களைத் தவிர. ஒரு பள்ளத்தாக்கின் சரிவையே பூங்காவாக்கி இருக்கிறார்கள். வாயிலில் நிற்கும்போது அடியில் உள்ள குளம் தெரியாது. உள்ளே ஓர் உருத்திராட்ச மரம் இருக்கிறது. பழம் உதிரும் காலத்தில் அதன் கீழே பாருங்கள்: அடர்நீல நிறத்தில், கோலிக்குண்டு அளவுக்குப் பழங்கள் கிடக்கும். நீலத் தோலையும் மெல்லிய சதையையும் நகத்தால் கீறி எடுத்தால், உள்ளே வரி வரியாகப் பிளந்த அந்தக் கொட்டை. பூசை அறையில் மாலையாகப் பார்த்த பொருளை அது பிறந்த இடத்தில், ஈரத்தோடு கையில் வைத்துப் பார்க்கும்போது பெரியவர்கள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். ஒரே எச்சரிக்கை, இறங்கிய படியெல்லாம் திரும்ப ஏறியாக வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் மேல்தட்டிலேயே உட்கார்ந்துகொள்வது உத்தமம்.

பூங்காவுக்கு எதிரே உள்ள சிவப்புக் கட்டடத்தைப் பலரும் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அது 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம். வெறிநாய்க்கடிக்கு மருந்து தயாரிக்க ஏற்பட்டது. அதற்குள் இன்னொரு வரலாறும் இருக்கிறது. 1918-இல் அங்கே ஒரே ஓர் அறையில், பெரிபெரி நோய் ஏன் வருகிறது என்று ஆராய ராபர்ட் மெக்கரிசன் என்ற ராணுவ மருத்துவர் ஒரு சிறு பிரிவைத் தொடங்கினார். தீட்டிய அரிசியை மட்டுமே நம்பியிருந்த மக்களைக் கொன்றுகொண்டிருந்த நோய் அது. அந்த ஓரறை ஆய்வகம் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, இன்றைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. எந்த உணவில் எவ்வளவு சத்து என்று நம் பள்ளிப் புத்தகங்களில் வந்த அட்டவணைகளுக்கெல்லாம் மூலம் இந்தச் சரிவில்தான் இருக்கிறது. சுற்றுலா வழிகாட்டிகள் இதைச் சொல்வதே இல்லை. பிள்ளைகளுக்கு நீங்களாவது சொல்லுங்கள்.

லேம்ஸ்ராக், டால்பின்நோஸ் என்ற இரண்டு காட்சிமுனைகளும் ஒரே சாலையில் இருக்கின்றன. காலை ஒன்பது மணிக்குள் போய்விட வேண்டும். பத்து மணிக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வந்து எல்லாவற்றையும் மூடிவிடும், பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு வெள்ளையைத்தான் பார்க்க வேண்டும். டால்பின்நோஸிலிருந்து எதிர்ப்பக்கம் கேத்ரின் நீர்வீழ்ச்சி முழு நீளத்துக்கும் தெரியும். கோத்தகிரிப் பக்கம் அரவேனுவிலிருந்து அதன் அருகே போகலாம் என்றாலும், அருவியின் முழு உருவத்தைப் பார்க்கக் குன்னூர்ப் பக்கமே ஏற்றது. நடப்பவர்கள் பக்காசுரன் மலைக்கோட்டைக்குப் போகலாம். திப்பு சுல்தான் காலத்துக் காவல் அரண் என்பார்கள். இடிந்த சுவர்தான் மிச்சம், ஆனால் அங்கிருந்து மேட்டுப்பாளையம் சமவெளி விரிந்து கிடக்கும் காட்சிக்கு ஈடு கிடையாது.

தேயிலைத் தொழிற்சாலை பார்ப்பதென்றாலும் குன்னூர்தான். உதகையில் தொட்டபெட்டா சாலையில் உள்ள தேயிலைக் காட்சியகத்தில் வரிசையில் நகர்ந்து ஒரு கோப்பை டீ வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவீர்கள். குன்னூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில், உள்ளே அனுமதிக்கும் இடமாகப் பார்த்துப் போனால், பச்சை இலையை வாட்டுவது, உருட்டுவது, காற்றில் நிறம் மாற விடுவது, உலர்த்துவது, சலித்துத் தரம் பிரிப்பது என்று ஒவ்வொரு கட்டமாக நின்று பார்க்க முடியும். நிறம் மாறும் இடத்தில் பச்சைப் புல் வாசம் மெல்ல டீ வாசமாக மாறுவதை மூக்காலேயே தெரிந்துகொள்ளலாம். வாங்கும்போது தூள் டீயோடு, உருட்டிய இலை டீயில் ஒரு பொட்டலமும் வாங்கிப் பாருங்கள். பால் ஊற்றாமல் குடிக்க வேண்டியது அது.

குன்னூரின் குறைகளையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மவுண்ட் ரோடு குறுகல். காரை நிறுத்த இடம் தேடி அரை மணி நேரம் சுற்ற நேரும். ஏப்ரல், மே மாதங்களில் குடிநீருக்குத் தட்டுப்பாடு வருவது வழக்கம், ராலியா அணையில் தண்ணீர் குறைந்தால் ஊரே முறை வைத்துத்தான் தண்ணீர் பிடிக்கும். உங்கள் அறைக் குழாயில் வருகிற தண்ணீர் லாரியில் வந்ததாக இருக்கலாம், பார்த்துச் செலவு செய்யுங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் ஊர் அடங்கிவிடும், கடைத்தெருவில் உலாவ வேண்டும் என்று வருபவர்களுக்குச் சலிப்பாக இருக்கும். இன்னொன்று, காட்டெருமை. தேயிலைத் தோட்டங்களிலும் காட்டேஜ் வாசல்களிலும் அவை சாதாரணமாக மேயும். பசு மாதிரி அமைதியாக நிற்கும் என்று கைபேசியோடு நெருங்கியவர்கள் குத்துப்பட்டிருக்கிறார்கள். இருட்டிய பிறகு தோட்டத்துப் பாதையில் நடக்காதீர்கள். கரடியும் சிறுத்தையும் உலவுகிற மலை இது.

உதகையை நான் குறைத்துச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். உதகைக்கு மட்டுமே உரிய சில விஷயங்கள் இருக்கின்றன. 1848-இல் தொடங்கிய அரசு தாவரவியல் பூங்கா சிம்ஸ் பூங்காவைப் போல இரண்டு மடங்கு பெரியது. அதை உருவாக்கிய மெக்கைவர் என்ற தோட்டக் கலைஞரின் உழைப்பு, அங்கே வானளாவ நிற்கும் மரங்களில் இன்னும் இருக்கிறது. பூங்காவின் மேல் எல்லையில் தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்து ஒன்று உண்டு. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில் கட்டிய கல் பங்களாவும் வெட்டிய ஏரியும் உதகையில்தான் இருக்கின்றன. கல் பங்களா இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. புனித ஸ்டீபன் தேவாலயத்துக்குள் போனால் தலையை நிமிர்த்திக் கூரையைப் பாருங்கள். அந்தப் பெரிய உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்தவை. மலையில் ஒழுங்கான பாதையே இல்லாத 1830 வாக்கில் அந்த மரங்களை எப்படி ஏற்றினார்கள் என்று யோசித்தாலே மலைப்பாக இருக்கும். சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகராக இருந்த ஊரின் பெருமை அது.

இவற்றையெல்லாம் ஒரு முழு நாளில் பார்த்துவிடலாம். அதற்காக மூன்று இரவு அங்கே தங்க வேண்டியதில்லை. சீசனில் உதகையின் நிலைமை அப்படி. சேரிங்கிராசிலிருந்து படகு இல்லம் வரை, நடந்து போகிறவர் காரில் இருப்பவரை முந்திவிடுவார். ஒருவழிப் பாதைகள் நாளுக்கு நாள் மாறும். மே மாத மலர்க் கண்காட்சி நாட்களில் அறை வாடகை எவ்வளவு என்று கேட்கவே தயக்கமாக இருக்கும். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் வண்டிகளுக்கு இணையத்தில் நுழைவு அனுமதி வாங்கும் இ-பாஸ் முறை வந்ததும், 2025 சீசனில் வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பு வைத்ததும் இந்த நெரிசலால்தான். இ-பாஸ் மாவட்டம் முழுவதற்கும் பொது, எனவே எந்த ஊரில் தங்கினாலும் சொந்த வண்டியில் வருபவர்கள் எடுத்தே தீர வேண்டும். பேருந்திலும் ரயிலிலும் வருபவர்களுக்குத் தேவையில்லை.

அப்படியானால் யார் உதகையிலேயே தங்கலாம்? உறைபனியைப் பார்க்க ஜனவரியில் வருபவர்கள். பைக்காரா, அவலாஞ்சி, முதுமலை என்று மேற்கே போகத் திட்டம் வைத்திருப்பவர்கள். அவர்கள் குன்னூரில் தங்கினால் தினமும் உதகை நெரிசலை இரண்டு முறை கடக்க வேண்டியிருக்கும், அது வீண் அலைச்சல். கடைவீதி, குதிரை சவாரி, படகு, வீட்டுச் சாக்லேட், வர்க்கி என்று மாலை நேரத்துச் சந்தடி வேண்டும் என்கிற இளம் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களுக்கும் உதகைதான் சரி. இந்த மூன்றில் ஒன்றும் உங்களுக்குப் பொருந்தவில்லை என்றால் அங்கே தங்குவதற்குக் காரணம் கிடையாது.

கோத்தகிரியைப் பற்றிச் சொல்லும்போது எனக்குச் சற்றுப் பதற்றம் வருகிறது. அழகான ஊர். மூன்றிலும் ஆங்கிலேயரின் முதல் வீடு எழுந்தது அதன் அருகில்தான். 1819-இல் மலையேறி வந்த சல்லிவன், உதகைக்குப் போவதற்கு முன்பே கன்னேரிமுக்கு என்ற படுகர் ஊரில் ஒரு வீடு கட்டினார். சீரமைத்து நினைவகமாக வைத்திருக்கிறார்கள். இரண்டு மாடி, சிவப்பு நிறம், உள்ளே மலையின் பழைய படங்களும் பழங்குடி மக்களின் பொருட்களும். ஊருக்குள்ளேயே லாங்வுட் சோலை இருக்கிறது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2024 ஜனவரியில் சேர்ந்த அந்தக் காடு நூறு ஹெக்டேருக்குச் சற்று மேல்தான், ஆனால் சுற்றிலும் உள்ள கிராமங்களுக்குத் தண்ணீர் கொடுப்பது அதுதான். கோடநாடு காட்சிமுனையில் நின்றால் மாயாற்றின் பள்ளத்தாக்கும் தெங்குமரஹாடாவும் பவானிசாகர் நீர்ப்பரப்பும் தெரியும்.

ஆனால் ரயில் கிடையாது, ஏரி கிடையாது, பெரிய பூங்கா கிடையாது. நேரு பூங்காவில் மே மாதம் காய்கறிக் கண்காட்சி நடக்கும், அவ்வளவுதான். காட்சிமுனைகளுக்குப் பேருந்து குறைவு, சொந்த வண்டி இல்லாதவர்கள் டாக்சிக்கே செலவழிப்பார்கள். சீசனில் உதகையிலிருந்து கீழே இறங்கும் வண்டிகளை எல்லாம் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவதால் மாலை நேரத்தில் ஊரைக் கடப்பதே சிரமம். இரண்டு நாள் சும்மா இருக்க வேண்டும், காலையில் நடக்க வேண்டும், பறவை பார்க்க வேண்டும், புத்தகம் படிக்க வேண்டும் என்று வருபவர்களுக்குக் கோத்தகிரியைவிட நல்ல ஊர் இந்த மாவட்டத்தில் இல்லை. "என்ன இருக்கிறது பார்ப்பதற்கு?" என்று கேட்கும் குடும்பத்தை நான் அங்கே அனுப்ப மாட்டேன். அவர்களுக்கும் பொழுது போகாது. அவர்களுக்காக ஊருக்கு வெளியே ஜிப்லைனும் கண்ணாடிப் பாலமும் முளைத்தால், அந்தச் சோலைகள் தாங்காது.

இனி, குன்னூரில் தங்குவது என்று முடிவு செய்தவர்களுக்கு. மூன்று இரவு என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் மலை ரயிலில் வந்து இறங்கி, சாப்பிட்டுத் தூங்கி, மாலையில் சிம்ஸ் பூங்கா. இரண்டாம் நாள் விடிந்ததும் டால்பின்நோஸ், திரும்பும் வழியில் லேம்ஸ்ராக், பிற்பகலில் தேயிலைத் தொழிற்சாலை. மூன்றாம் நாள் காலை ரயிலில் உதகை, தாவரவியல் பூங்கா, தேவாலயம், ஏரி, மாலைப் பேருந்தில் திரும்புதல். திரும்பும்போது ரயிலுக்குக் காத்திருக்க வேண்டாம், பேருந்துகள் நிறைய இருக்கின்றன. நான்காம் நாள் இறங்கும்போது பர்லியாரில் நிறுத்துங்கள். ஜூனுக்குப் பிறகு வருபவர்களுக்குச் சாலையோரக் கடைகளில் மங்குஸ்தானும் துரியனும் கிடைக்கும். பழப்பையை வெளியே தெரியும்படி வைத்துக்கொள்ளாதீர்கள், குரங்குகள் பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

பதிவு செய்யும்போது வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். எல்லோரும் முதலில் அறை, பிறகு ரயில் என்று போகிறார்கள். மேட்டுப்பாளையம் – குன்னூர் ரயில் டிக்கெட்தான் இரண்டிலும் கிடைப்பதற்கு அரியது. முன்பதிவு திறக்கும் நாளிலேயே அதை எடுங்கள், கிடைத்த தேதிக்கு அறை போடுங்கள். ரயில் கிடைக்கவில்லை என்றால் மனம் உடைய வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து பேருந்தில் வந்துவிட்டு, குன்னூர் – உதகை ரயிலில் போகலாம், அதில் முன்பதிவில்லாத டிக்கெட்டும் நிலையத்திலேயே கிடைக்கும். அறைக்காரரிடம் பணம் கட்டுவதற்கு முன் நான்கு விஷயங்களைக் கேட்டுவிடுங்கள்: அனுமதி பெற்ற விடுதிதானா, ஏப்ரல்-மே மாதத்தில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, காரை வளாகத்துக்குள் நிறுத்த முடியுமா, சாலையிலிருந்து அறைக்கு எத்தனை படி. கடைசிக் கேள்வியைப் பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் இரண்டு முறை கேளுங்கள். மேல் குன்னூரில் நல்ல காட்சி தெரியும் காட்டேஜ்களில் பல, சாலைக்குக் கீழே நாற்பது ஐம்பது படி இறங்கித்தான் இருக்கின்றன.